வாசகர் கேள்விகள்: மலைப் பள்ளத்தில் ஒரு சௌசௌ கிராமம்

சென்ற இதழில், இந்துமாக்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவின் நடுமலையில் இருக்கும் எல்-பூர் கிராமத்தைப் பற்றி அரைப்பக்கக் குறிப்பு ஒன்று வெளியிட்டோம். அதற்கு வந்த கடிதங்கள் அந்தக் குறிப்பைவிடப் பல மடங்கு நீளம். பாதிப் பேர் வழி கேட்கிறார்கள், மீதிப் பேர் சௌசௌ கேட்கிறார்கள்.

சலாசி, எல்-பூர் என்று இரண்டு பெயரும் அடிபடுகின்றனவே, இரண்டும் ஒரே ஊரா?
— சேன்-தெனி வாசகர்

இல்லை. ப்பித்தோன் தே நேஜ் என்ற 3,071 மீட்டர் மலை ஓர் அணைந்த எரிமலை. அதைச் சுற்றி நிலம் இடிந்தும் மழையில் அரிபட்டும் மூன்று பெரும் பள்ளங்கள் உண்டாயின: சலாசி, சிலாவோஸ், மஃபாத். சலாசி என்பது அவற்றுள் ஒரு பள்ளத்துக்கும், அதை ஆளும் கொம்யூன் என்ற உள்ளாட்சிப் பிரிவுக்கும், ஊராட்சி மன்றம் இருக்கும் கீழூருக்கும் பொதுப்பெயர். எல்-பூர் அந்தக் கீழூரைத் தாண்டி இன்னும் மேலே, ஏறக்குறைய 930 மீட்டர் உயரத்தில், பாதை முடியும் இடத்தில் இருக்கிறது. கொம்யூன் முழுவதிலும் சேர்த்தே 7,000 பேருக்குச் சற்று மேல்தான் குடியிருக்கிறார்கள்.

மூன்று பள்ளங்களில் கிழக்குக் கடலைப் பார்த்துத் திறந்திருப்பது சலாசி மட்டும். கடற்காற்று தள்ளிக்கொண்டு வரும் மேகம் முதலில் இங்கேதான் வந்து முட்டும். அருவிகளும், வீட்டுக் கூரையில் பாசியும், சௌசௌ விளைச்சலும், அடிக்கடி மூடப்படும் சாலையும் எல்லாமே அந்த மேகம் கொடுப்பவை. 1830-களில் இங்கே ஆட்கள் குடியேறத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு, அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு ஓடிவந்தவர்களுக்கு இந்தப் பள்ளம்தான் புகலிடம். எதிரே தனித்து நிற்கும் ஆன்ஷேன் குன்று அப்படி வந்த ஒருவர் பெயரால் வழங்குகிறது. எல்-பூர் என்ற பெயர் 1838 முதல் 1841 வரை இத்தீவின் ஆளுநராக இருந்த த எல் என்பவரிடமிருந்து வந்தது.

மொரீஷியஸிலிருந்து அப்பா அம்மாவோடு வருகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. இரண்டு நாள் போதுமா? எந்த மாதம் வரலாம், வண்டி எடுக்கலாமா?
— ரோஸ் ஹில் வாசகி

இரண்டு நாள் போதும், ஆனால் ஓர் இரவாவது மேலேயே தங்குங்கள். காலையில் மலை முழுதும் தெரியும். பத்து பதினொரு மணிக்கு மேகம் ஏறிவிடும். பிறகு மாலை வரை வெள்ளைத் திரைதான். கடற்கரை விடுதியில் நிதானமாகக் காலை உணவு முடித்துக் கிளம்புகிறவர்கள் மதியம் மேலே வந்து மூடுபனியைப் படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். மேலே படுத்தெழுந்தால் ஆறரை மணிக்குச் சுவர்போல் நிற்கும் பாறைகளை ஜன்னலிலிருந்தே பார்க்கலாம், அம்மா ஓர் அடிகூட நடக்க வேண்டாம்.

மே முதல் அக்டோபர் வரை வாருங்கள். ஜூலை, ஆகஸ்டில் இரவில் பத்து டிகிரி வரை இறங்கும். கம்பளிச் சட்டை, காலுறை, நல்ல மழைச்சட்டை மூன்றும் கட்டாயம். குடை இங்கே உதவாது, சாரல் பக்கவாட்டில் அடிக்கும். பல தங்கும் வீடுகளில் சூடேற்றும் வசதி பெயரளவுக்குத்தான் இருக்கும். பெரியவர்களுக்குக் கூடுதல் கம்பளி உண்டா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். மின்செருகியும் மாறும். உங்கள் மூன்று முனைச் செருகி இங்கே நுழையாது, இணைப்பான் ஒன்று கொண்டுவாருங்கள்.

வண்டி ஓட்டலாம். மறக்கக் கூடாதது, இங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். விமான நிலையத்திலிருந்து சேந்த்-ஆந்த்ரே வரை நான்கு தடச் சாலை, அதற்குள் கை பழகிவிடும். சேந்த்-ஆந்த்ரேயில் எரிபொருள் நிரப்பி, கையில் கொஞ்சம் யூரோ நோட்டும் எடுத்துக்கொண்டு மலைச்சாலையில் திரும்புங்கள். மாத் ஆற்றை ஒட்டியே ஏறும் இந்தச் சாலைக்குப் பெயர் டி48. எல்-பூர் வரை ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இடத்தில் அருவித் தண்ணீர் நேரே வண்டிக்கூரை மேல் விழும், ஜன்னலை ஏற்றிவிட்டு நிற்காமல் போங்கள். அருவி பார்க்கவென்று பாறைக்கு அடியில் வண்டி நிறுத்துவது இந்தச் சாலையில் செய்யக் கூடாத காரியம். நல்ல மழை பெய்து முடிந்த மறுநாள் வெயில் அடிக்கும்போதுகூடக் கல் உருளும், ஏனென்றால் ஊறிய மண் காயும்போதுதான் பிடி விடும். கல்யாணப் பெண்ணின் முகத்திரை என்று பெயர்பெற்ற அருவி சலாசி ஊரைத் தாண்டியதும் வரும், அங்கே ஓரம் கட்ட இடம் உண்டு.

இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். இரண்டாம் கியரில் விட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். வளைவில் எதிரே பேருந்து வந்தால் நீங்கள் பின்வாங்கி வழிவிடுவதுதான் இங்குள்ள வழக்கம்.

வண்டி வேண்டாம் என்றால் சேந்த்-ஆந்த்ரே பேருந்து நிலையத்திலிருந்து கிழக்கு வட்டாரத்து எஸ்திவால் பேருந்து சலாசி ஊர் வரை போகும், அங்கே இறங்கி எல்-பூர் வண்டி மாற வேண்டும். ஞாயிறும் விடுமுறையும் வண்டி குறைவு. ஏறும்போதே ஓட்டுநரிடம் கடைசி வண்டி எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், தவறவிட்டால் வேறு வழி கிடைப்பது கஷ்டம்.

மலைக்காட்டில் பாம்பு உண்டா?
— சேன்-பியேர் வாசகர்

நஞ்சுள்ள பாம்பு இந்தத் தீவிலேயே கிடையாது. கப்பல் சரக்கோடு வந்து சேர்ந்த ஓநாய்ப் பாம்பு என்ற சிறு பாம்பு உண்டு, அது பல்லி தின்னும், மனிதரை ஒன்றும் செய்யாது. பயப்பட வேண்டியது எலிக்காய்ச்சலுக்கு. காலில் கீறல் இருந்தால் மழைக்காலச் சேற்றிலும் ஓடைத் தண்ணீரிலும் இறங்காதீர்கள். இறங்கியபின் இரண்டு மூன்று வாரத்துக்குள் கடுங்காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் சூசூ (சௌசௌ) மூன்று முறை வைத்தேன். கொடி கூரை ஏறுகிறது, காய் மட்டும் கட்டைவிரல் அளவில் மஞ்சளாகி உதிர்கிறது. சலாசியில் சாலையோரமெல்லாம் கொத்துக்கொத்தாகத் தொங்குகிறதே! என்ன மாயம்?
— சேந்த்-ஆந்த்ரே வாசகி

மாயம் உயரத்தில் இருக்கிறது. நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ அரை டிகிரிக்கு மேல் குளிரும். உங்கள் கொல்லைக்கும் எல்-பூருக்கும் ஐந்து ஆறு டிகிரி வித்தியாசம். சௌசௌ குளுமையான இரவு கேட்கும் செடி, முப்பது டிகிரி வெயிலில் இலையாக வளரும், பூவை உதிர்க்கும். அதோடு பகல் பொழுது நீளமாக இருக்கும் மாதங்களில் அது பூக்கவே யோசிக்கும். நீங்கள் எப்போது நட்டீர்கள் என்று எழுதவில்லை. செப்டம்பரில் நட்டிருந்தால் கோடை முழுவதும் கொடிதான் கண்டிருப்பீர்கள். கரையோரத்தில் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரலுக்குள் நடுங்கள். நட்ட மூன்று நான்கு மாதத்தில் பூ வரும், அது ஜூலை ஆகஸ்ட் குளிரில் விழும். புயல் பருவமும் முடிந்திருக்கும்.

முதலில், உதிர்ந்த காயை ஒரு பிளேடால் நெடுக்கே பிளந்து பாருங்கள். உள்ளே சுத்தமாக இருந்தால் மகரந்தம் சேரவில்லை அல்லது வெயில் தாங்கவில்லை என்று பொருள். தோலில் ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி, அதன்மேல் கண்ணாடித்துளிபோல் உறைந்த பிசின், உள்ளே அரிசி நுனி அளவில் வெள்ளைப் புழு தெரிந்தால் அது பழ ஈயின் வேலை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

மகரந்தம் சேராததற்குப் பெரும்பாலும் நாமே காரணம். சௌசௌவில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில், ஒரே கணுவில்கூட வரும், துணைக்கொடி தேவையில்லை, தேனீ போதும். பக்கத்துத் தக்காளிக்கு அடித்த பூச்சிமருந்து தேனீயை விரட்டியிருந்தால் காய் பிடிக்காது. யூரியா போடுவதையும் நிறுத்துங்கள், இலைதான் பெருக்கும்.

பழ ஈக்குச் சலாசிக்காரர்கள் கண்ட வழி கேட்க வேண்டிய கதை. இரண்டாயிரத்துக்குப் பின் அங்கே மருந்து அடிக்க அடிக்க ஈ கூடி, விளைச்சல் குறைந்து, பலர் பந்தலைக் கைவிடும் நிலை. 2009 முதல் 2011 வரை ஆராய்ச்சியாளர்களும் விவசாயிகளும் சேர்ந்து காமூர் என்ற திட்டத்தில் மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். இந்த ஈக்கள் முட்டையிட மட்டுமே காய்க்கு வரும், மற்ற நேரமெல்லாம் ஓரத்தில் உயரமாக நிற்கும் செடிகளில் உட்கார்ந்திருக்கும். அதனால் பந்தலைச் சுற்றி மக்காச்சோளம் விதைத்து, அதன் இலையில் மட்டும் அங்கங்கே புரதத் தீனி கலந்த இரைமருந்தைத் துளித்துளியாக வைத்தார்கள். விழுந்த காயெல்லாவற்றையும் பொறுக்கி நுண்வலை பொருத்திய ஒரு கூடாரத்தில் கொட்டினார்கள். புழு அங்கே ஈயாகும், ஆனால் வலையைத் தாண்ட முடியாது. அந்தப் புழுவைத் தின்று வளரும் குளவி ஈயைவிடப் பொடிசு, அது வலைக்கண் வழியே வெளியேறித் தோட்டத்துக்குத் திரும்பிவிடும். மருந்து நின்றதும் எறும்பு, சிலந்தி, தேனீ எல்லாம் திரும்பின, காயும் திரும்பியது.

ஒரு கொடி வைத்திருக்கும் வீட்டுக்கு இவ்வளவு வேண்டாம். விழுந்த காயைத் தினமும் பொறுக்குங்கள், அன்றன்றே. குப்பைக்குழியில் போட்டால் ஈயை நீங்களே வளர்த்ததாகிவிடும். கறுப்பு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டி, இரண்டு வாரம் வெயிலில் வைத்துவிட்டுப் பிறகு எருவாக்குங்கள். காய் சுண்டுவிரல் அளவில் இருக்கும்போதே காகிதப் பையோ பழைய காலுறையோ மாட்டிவிட்டாலும் தப்பும்.

நடுவதிலும் தவறு நடக்கிறது. விதையை வெளியே எடுக்க முயலாதீர்கள், காயை அப்படியே நட வேண்டும். முற்றிய காயை வெளிச்சம் குறைந்த மூலையில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் அகன்ற முனையிலிருந்து முளை எட்டிப்பார்க்கும். முளை ஒரு சாண் வளர்ந்ததும், இரண்டடிக்கு இரண்டடி குழியில் பத்துக் கிலோ மட்கிய தொழுவுரம் கலந்து, முளை இருக்கும் பக்கம் கீழே சாயும்படி காயைச் சரித்து வைத்து, பாதிக் காய் வெளியே தெரிய மண் அணையுங்கள். முழுவதும் புதைத்தால் அழுகும். சேந்த்-ஆந்த்ரே மழைக்கு மேடு கட்டி அதன்மேல் நடுவது நல்லது, வேர் ஈரம் கேட்கும், தேங்கிய நீரைத் தாங்காது.

பந்தல் ஆளுயரத்துக்குச் சற்று மேல், ஆறரை அடி. காய் கீழே தொங்க வேண்டும், கை எட்ட வேண்டும். ஒரு கொடிக்குப் பத்துப் பன்னிரண்டு சதுர மீட்டர் இடம் விடுங்கள். கூரை மேல் ஏற்றிய கொடியில் காய் இருந்தாலும் பறிப்பதெப்படி? பூ காயான நான்கு ஐந்து வாரத்தில் பறித்துவிட வேண்டும். தொடர்ந்து பறித்தால்தான் தொடர்ந்து காய்க்கும், விட்டுவைத்த காய் கொடியிலேயே முளைவிட்டு மற்ற காயின் பங்கைத் தின்னும். புயல் வந்து பந்தல் சாய்ந்தால் அழ வேண்டாம். கொடியை ஓரடி விட்டு வெட்டிவிடுங்கள், அடிக்கிழங்கிலிருந்து மறுபடி தளிர்க்கும்.

சலாசியிலிருந்து முளைவிட்ட சௌசௌ ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாமா? மொரீஷியஸில் எங்கள் வாக்வாவில் நட ஆசை.
— வாக்வா வாசகர்

கூடாது. முளைக்காயும் ஒரு செடிதான், சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. அந்தப் பக்கமிருந்து கறிவேப்பிலைக் கொத்து கொண்டுவருகிறவர்களுக்கும் இதே பதில். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் பச்சை நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையில் குடியிருக்கும். வாக்வா சந்தையில் கிடைக்கும் முற்றிய காயே நன்றாக முளைக்கும், உங்கள் பீடபூமிக் குளிரும் அதற்கு ஏற்றதுதான்.

தைப்பூச விரதத்தில் இருக்கிறோம். எல்-பூரில் சுத்த சைவம் கிடைக்குமா? அந்த சௌசௌக் கீரை எப்படிச் செய்கிறார்கள்?
— சேன்த்-சுசான் வாசகி

சைவம் கிடைக்கும், ஆனால் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். பட்டியலில் அவரை, பயறு, கீரை என்று பார்த்ததும் நம்பிவிடாதீர்கள். பயற்றில் ஒரு துண்டு புகைபோட்ட பன்றிக்கறி போடுவதும், கீரையைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பதும் இங்கே சமையல் ருசி, இறைச்சி என்றே கணக்கில் வராது. "மி மாஞ்ஜ் பா லா வியான்" (நான் இறைச்சி சாப்பிடுவதில்லை) என்று மட்டும் சொன்னால் போதாது, "சான் பூகானே, சான் லார்" (புகைபோட்ட கறியும் பன்றிக் கொழுப்பும் இல்லாமல்) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் நாள் தொலைபேசியில் சொல்லிவைத்தால் தனிப் பாத்திரத்தில் செய்துதருவார்கள். விரதத்துக்குப் பாத்திரமே வேறாக இருக்க வேண்டும் என்பவர்கள் கட்டுச்சோறு கொண்டுபோவது நிம்மதி. சோறு, தக்காளி ருகாய் (சட்னி போன்றது), சௌசௌ, பயறு சேர்ந்த சாப்பாடு நம் நாக்குக்கு அந்நியமில்லை. சௌசௌவில் சீஸ் வைத்துச் சுட்ட க்ராத்தேனும், இனிப்புக் கேக்கும் உண்டு. முன்னதைச் சாப்பிடலாம், கேக் நம் கருத்தில் சுமார்தான், முட்டையும் சேரும்.

கீரைக்கு நால்வருக்கு அரைக்கிலோ கொழுந்து வேண்டும். கொடி நுனியிலிருந்து ஒரு சாண் மட்டும், வளைத்தால் பட்டென்று ஒடியும் இடம் வரை. வளைந்து ஒடியாமல் நார் இழுத்தால் அதற்குக் கீழே முற்றல், விட்டுவிடுங்கள். கம்பிபோல் சுருண்டிருக்கும் இழைகளைக் கிள்ளி எறிய வேண்டும், அவை எவ்வளவு வெந்தாலும் தொண்டையில் உறுத்தும். தண்டை ஒடித்து, அவரைக்காய்க்கு நார் உரிப்பதுபோல் தோலை இழுத்தெடுங்கள். இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் ஒரு வெங்காயம், இடித்த பூண்டு நாலு பல், பெருவிரல் நுனி அளவு இஞ்சி, ஒரு காய்ந்த மிளகாய் வதக்கி, கீரையைப் போட்டு, உப்பு சேர்த்து, மூடாமல் பெருந்தீயில் பத்து நிமிடம் கிளறுங்கள். மூடினால் பச்சை நிறம் போய்ப் பழுப்பாகும். ரசம்போல் வேண்டுமென்றால் வதங்கியதும் ஒரு லிட்டர் கொதிநீர் விட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு இறக்கலாம், மழைநாளில் சோற்றோடு அதுதான் ஊர்க்காரர்கள் சாப்பாடு. விரதத்தில் பூண்டு வெங்காயம் ஆகாதவர்கள் இஞ்சியோடு நிறுத்திக்கொண்டு கடைசியில் தேங்காய்ப்பூ தூவினாலும் நன்றாகவே இருக்கும்.

காய் நறுக்கும்போது கை பிசுபிசுத்துத் தோல் உரிந்ததுபோல் ஆகிறதென்று இன்னொரு வாசகி எழுதியிருக்கிறார். அது காயின் பால். கையில் எண்ணெய் தடவிக்கொண்டோ ஓடும் குழாய்நீரின் கீழோ சீவுங்கள்.

எல்-பூர் வீடுகளின் கூரை ஓரத்தில் சரிகைபோல் தகரம் வெட்டி மாட்டியிருக்கிறார்களே, அழகுக்கா? எங்கள் பாட்டி வீடும் அந்தக் காலத்து மர வீடு, பழுது பார்க்க வேண்டும்.
— ப்ரா-பனோன் வாசகர்

அழகும் உண்டு, ஆனால் முதல் வேலை மழைநீரை நுனிநுனியாகப் பிரித்துச் சுவருக்கு வெளியே சொட்டவிடுவது. அந்தத் தகட்டுக்கு லம்ப்ரெக்கேன் என்று பெயர். அது இல்லாத வீட்டில் சாரல் சுவரோடு வழிந்து அடிப்பலகை முதலில் மக்கும். அதுபோலவே முன்பக்க வாராங்க் என்பது நம் ஊர்த் திண்ணையும் தாழ்வாரமும் சேர்ந்த இடம், சுவரில் சாரல் படாமல் காப்பதும் அதுதான். மதிலின் மூலையில் தெருவைப் பார்த்துக் கட்டிய சின்ன மண்டபம் கெத்தலி. வெளியே போகாமலே போகிறவர் வருகிறவரைப் பார்க்க வசதி. 1870-ஐ ஒட்டிக் கட்டிய மேசோன் ஃபோலியோ என்ற வீட்டில் இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம், உள்ளே அழைத்துப்போய் விளக்குவார்கள். அங்கே சமையலறை தனிக் கட்டடமாகப் பின்னால் இருப்பதைக் கவனியுங்கள். விறகுத் தீயிலிருந்து மர வீட்டைக் காக்க வேறு வழியில்லை.

பாட்டி வீட்டுக்கு வருவோம். மரச்சுவரின்மேல் சிமெண்ட் பூச வேண்டாம். பூச்சுக்குள் ஈரம் சிக்கி, வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே பலகை மாவாகும். மர ஓடு பதித்த சுவரென்றால் ஓட்டை மாற்றும்போது இழையோடு பிளந்த ஓடு கேளுங்கள், ரம்பத்தால் அறுத்தது வேண்டாம். அறுத்த ஓட்டில் இழை வெட்டுப்பட்டு முனை வழியே நீர் குடிக்கும். மலைத் தாமரின் மரம்தான் பழைய வழக்கம் (நம் புளி அல்ல, வேல மரத்தின் உறவு). ஒவ்வோர் ஓட்டிலும் மூன்றில் ஒரு பங்குதான் வெளியே தெரிய வேண்டும், மீதி மேல்வரிசைக்கு உள்ளே. பக்கத்து ஓட்டோடு நெருக்கி அடிக்காமல் சில மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள், நனைந்தால் உப்பும். ஆணி துத்தநாகம் பூசியதோ துருப்பிடிக்காத எஃகோ ஆகட்டும். சாதா இரும்பாணி சில வருஷத்தில் துருவேறி மரத்தையும் கறுக்கச் செய்து ஓட்டையைப் பெரிதாக்கும். வீட்டுக்கடியில் கல் அடித்தளத்தில் காற்றுப்போக விட்ட துவாரங்களை யாராவது எலி வருமென்று அடைத்திருந்தால் இன்றே திறந்து வலை போடுங்கள். கறையானுக்குப் பிடித்தது அந்த மூடிய ஈரம்தான்.

ஒரு எச்சரிக்கை. பதிவுபெற்ற நினைவுச்சின்னத்துக்கு 500 மீட்டருக்குள் வீடு இருந்தால் வெளித்தோற்றத்தை மாற்ற அரசுக் கட்டடக் கலைஞரின் ஒப்புதல் வேண்டியிருக்கும். வேலை தொடங்குமுன் ஊராட்சி மன்றத்தில் விசாரியுங்கள்.

பிரான்சின் மிக அழகிய கிராமங்கள் பட்டியலில் பாரிஸுக்கு 9,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர் எப்படி வந்தது?
— லே போர் வாசகர்

தூரம் ஒரு தகுதிக்குறைவல்ல. 2,000 பேருக்கு மிகாத ஊராக இருக்க வேண்டும், பாதுகாக்கப்பட்ட சின்னங்களோ இடங்களோ இரண்டாவது இருக்க வேண்டும், ஊராட்சி விண்ணப்பிக்க வேண்டும். இதைவிடப் பெரிய பெருமை 2010-இல் வந்தது. இந்த மலைகளும் பள்ளங்களும் செங்குத்துப் பாறைகளும் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறின.

அங்கே வெந்நீர் ஊற்று இருக்கிறதாமே, குளிக்கலாமா?
— போர்ட் லூயிஸ் வாசகர்

இருந்தது. 1831-ஐ ஒட்டி ஊற்று கண்டுபிடிக்கப்பட்டது, குளியல் கட்டடம் எழுந்தது, படைவீரர்களுக்கு மருத்துவமனை வந்தது, காசுள்ளவர்கள் பல்லக்கிலும் ஏறிவந்து மூழ்கினார்கள். ஊரே அந்த ஊற்றால் உண்டானது. 1948 புயலில் சரிந்த மண் ஊற்றை மூடிவிட்டது. ஊரிலிருந்து கால்மணி இறங்கினால் பாசி படிந்த சுவர்களும் ஓடு பதித்த தொட்டிகளும் கிடக்கின்றன. பார்க்கலாம், குளிக்க முடியாது. படி வழுக்கும், முழங்கால் வலிக்காரர்கள் மேலேயே இருங்கள். வெந்நீர்க் குளியல்தான் நோக்கம் என்றால் சிலாவோஸ் போங்கள்.

மேலே இருக்கும்போது புயல் எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது?
— ரோஸ் பெல் வாசகர்

மஞ்சள் என்றால் புயல் வரக்கூடும், வானொலியைக் கவனியுங்கள். ஆரஞ்சு வந்தால் ஒரு நாளைக்குள் ஆபத்து என்று பொருள், பள்ளிகளை மூடுவார்கள், வேலை நடக்கும். நீங்கள் இறங்க வேண்டியது மஞ்சளில், தவறினால் ஆரஞ்சின் முதல் சில மணி நேரத்தில். சிவப்பு எச்சரிக்கையை மூன்று மணி நேரம் முன்னதாகச் சொல்வார்கள். அது தொடங்கியபின் யாரும் வெளியே வரக் கூடாது, வண்டி எடுக்கவே கூடாது. அந்த மூன்று மணி நேரத்தில் மலைச்சாலையில் இறங்கிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். டி48-ஐ விட்டால் சலாசிக்கு வேறு வண்டிப்பாதை இல்லை, ஒரு பாறை விழுந்தால் சாலையிலேயே மாட்டிக்கொள்வீர்கள். அதைவிட மேலேயே கெட்டியான வீட்டில் இருப்பது மேல். சிவப்புக்கு மேல் ஊதா. அது வந்தால் தீயணைப்பு வீரர்கள்கூட வெளியே வரமாட்டார்கள். 2024 ஜனவரியில் பெலால் புயலுக்கும் 2025 பிப்ரவரியில் கரான்ஸ் புயலுக்கும் ஊதா அறிவிக்கப்பட்டது.

காற்று நின்றதும் ஆபத்து தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். 2007-இல் கமேத் புயலின்போது இத்தீவின் கொமெர்சோன் எரிமலைவாயில் மூன்று நாளில் 3,929 மில்லிமீட்டர் மழை பதிவானது. சென்னைக்கு ஒரு வருஷம் முழுவதும் பெய்வதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். அவ்வளவு நீர் குடித்த சரிவு சில நாள் கழித்தும் இறங்கும். புயலே இல்லாமலும் இறங்கியிருக்கிறது. 1875-இல் க்ரான் சாப்ல் என்ற குடியிருப்பின்மேல் மலை சரிந்து அறுபது பேருக்கு மேல் மாண்டார்கள். ஆகவே நவம்பர் முதல் ஏப்ரல் வரை மேலே தங்குகிறவர்கள் இரண்டு நாளைக்கு உணவு, ஆளுக்கு ஆறு லிட்டர் குடிநீர், வழக்கமாக உட்கொள்ளும் மருந்து, டார்ச், மின்கல வானொலி வைத்திருங்கள். மழைக்குப்பின் குழாயில் செந்நீர் வந்தால் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். சாலை நிலவரத்துக்கு ரேடியோ ஃப்ரீடம் கேளுங்கள், எங்கே கல் விழுந்தது என்று அந்த வழியே போகிறவர்களே கூப்பிட்டுச் சொல்வார்கள்.

கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர். எல்-பூரிலிருந்து த்ரூ த ஃபேர் அருவிப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு ஒரே நாளில் திரும்பலாமா?
— சேன்-தெனி மாணவர்

கால் நன்றாக இருந்தால் திரும்பலாம், பார்க்கலாமா என்பது வேறு. எல்-பூரிலிருந்து பெலூவ் தங்குமனை வரை ஏறக்குறைய 570 மீட்டர் செங்குத்தாக ஏற வேண்டும், இரண்டு மணி நேரம். அங்கிருந்து காட்டுக்குள் ஒன்றேகால் மணி நேரம் வேரும் சேறுமாகப் போனால் பார்வை மேடை. எட்டு மணிக்குக் கிளம்பினால் பதினொன்றரைக்குப் போய்ச் சேர்வீர்கள், அப்போது பள்ளம் முழுக்க மேகம். ஆகவே முதல் நாள் மாலை பெலூவில் தங்கி, விடிந்ததும் நடங்கள். தங்குமனைக்கு முன்பதிவு வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் நீர், மாற்றுக் காலுறை, கணுக்காலைப் பிடிக்கும் காலணி. வேலி தாண்டி ஓரத்தில் நின்று படம் எடுக்காதீர்கள், விளிம்பில் இருப்பது மண் அல்ல, செடிவேர் தாங்கிய பாசி. அவசரத்துக்கு 112.

நம்மவர்கள் சலாசியில் குடியேறினார்களா? கோயில் உண்டா?
— மதுரை வாசகர்

நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புக்காகக் கொண்டுவரப்பட்டவர்கள். முதல் தொகுதி 1828-இல் வந்தது. 1848 டிசம்பர் 20-இல் அடிமைமுறை ஒழிந்தபின் வரவு பெருகியது, 1882-இல் ஆங்கிலேய அரசு ஆள் சேர்ப்பை நிறுத்தியது. கரும்பும் ஆலையும் கரையோரத்தில், ஆகவே நம் கோயில்களும் சேந்த்-ஆந்த்ரே, சேன்த்-சுசான் பக்கமே. உள்மலையில் குடியேறியவர்கள் நிலமில்லாத ஏழை வெள்ளையர்களும், விடுதலையான அடிமைகளின் வழிவந்தவர்களும். மதுரையிலிருந்து வருகிறீர்கள் என்றால் சேந்த்-ஆந்த்ரேயில் கொலோஸ் கோயிலைத் தரிசித்துவிட்டு மலை ஏறுங்கள், வழியில்தான் இருக்கிறது. எல்-பூரில் மேசோன் மொராஞ்ஜ் என்ற வீட்டில் 2015 முதல் இந்துமாக்கடல் இசைக்கருவி அருங்காட்சியகம் நடக்கிறது, அதில் இந்தியக் கருவிகளும் உண்டு. மேகம் மூடிய பிற்பகலுக்கு அதை ஒதுக்குங்கள். திங்கட்கிழமை போகிறீர்கள் என்றால் திறந்திருக்குமா என்று முதலில் கேட்டுவிட்டுப் போங்கள்.